சாவி கொடுத்த வருஷம்

அக்காவின் பணம் 4 லட்சம் ரூபாய். 31 வருஷம் கணக்கு டீச்சராக வேலை பார்த்து ஓய்வு பெற்றபோது கைக்கு வந்ததில் ஒரு பகுதி. அதை ஒரு வீடு கட்டும் கம்பெனியின் பங்கில் போடச் சொன்னவன் நான். சொன்ன அன்று அவள் ஒரு கேள்வி கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியாது என்று சொல்லாமல், தெரிந்த மாதிரி பேசினேன். அதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

எங்கள் அப்பாவுக்கு விருதுநகரில் பலசரக்கு மண்டி. வத்தல், மல்லி, துவரை, உளுந்து. பள்ளிக்கூடம் விட்டு வந்து மூட்டை மேல் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதியவர்கள் நாங்கள். ராத்திரி பேரேட்டை மூடுவதற்கு முன்னால் அப்பா கேட்பது ஒன்றுதான்: “பழைய மூட்டை எத்தனை கிடக்கு?” லாபம் எவ்வளவு என்று அவர் முதலில் கேட்டதாக எனக்கு நினைவில்லை. கடன் வாங்கிக் கொள்முதல் செய்த சரக்கு தங்கினால் வட்டி ஏறும், வத்தல் நிறம் வெளுக்கும், உளுந்தில் வண்டு விழும். போட்ட காசு எவ்வளவு சீக்கிரம் திரும்பி வருகிறது என்பதே அவருக்கு வியாபாரம்.

பின்னாளில் பங்குகளைப் படிக்க ஆரம்பித்தபோது, இதே விஷயம் இன்வென்டரி டர்ன்ஓவர் என்ற பெயரில் எதிரே வந்தது. சரக்கு சுழற்சி விகிதம். ஒரு வருஷத்தில் விற்ற சரக்கின் அடக்கவிலையைச் சராசரிக் கையிருப்பால் வகுக்க வேண்டும். 4 என்று வந்தால் சரக்கு வருஷத்துக்கு நாலு தடவை சுழல்கிறது. அதாவது வாங்கிய சரக்கு சுமார் 91 நாளில் வெளியே போய்விடுகிறது. மளிகை, மருந்து, உதிரி பாகம் என்று எந்தக் கம்பெனியை எடுத்தாலும் நான் முதலில் இதைத்தான் பார்ப்பேன். பலமுறை அது என்னைக் காப்பாற்றியும் இருக்கிறது.

வீடு கட்டும் கம்பெனிகள் பக்கம் நான் திரும்பியது அமெரிக்காவின் என்விஆர் பற்றிப் படித்த பிறகு. 1992-ல் கடன் கழுத்தை நெரித்து, திவால் சட்டத்தின் பாதுகாப்பைக் கேட்டுப் போன கம்பெனி அது. 1993-ல் மீண்டு வந்தபோது நிலத்தை வாங்கிக் குவிக்கும் பழக்கத்தை விட்டது. மனையை வேறொருவர் தயார் செய்து வைத்திருப்பார். என்விஆர் முன்பணம் கட்டி, வாங்கும் உரிமையை மட்டும் கையில் வைத்துக்கொள்ளும். பெரும்பாலும், வீட்டை வாங்க ஆள் ஒப்பந்தம் போட்ட பிறகுதான் கட்டவே தொடங்கும். தனி வீடு என்பதால் சில மாதத்தில் வேலை முடிந்துவிடும். அதனால் அதன் சரக்கு வருஷத்துக்குப் பல தடவை சுழல்கிறது. 2008-ஐ ஒட்டிய வீட்டுச் சந்தைச் சரிவில் அங்கே மற்ற பெரிய கம்பெனிகள் நஷ்டத்தில் தவித்தபோதும் என்விஆர் லாபத்தில் இருந்தது. படிக்கப் படிக்க எனக்கு அப்பாவின் குரலே கேட்டது. பழைய மூட்டை இல்லாத கடை.

2023-ல் நம் நாட்டுக் கம்பெனிகள் சிலவற்றை வரிசையாக வைத்து அதே கணக்கைப் போட்டேன். நான் பார்த்தவற்றில் எல்லாமே ஒன்றுக்குக் கீழே. ஒரு கம்பெனி 0.2. அதன் நிலமும் பாதிக் கட்டடங்களும் விற்றுத் தீர அஞ்சு வருஷம் ஆகும் என்று அர்த்தம் எடுத்துக்கொண்டு ஒதுக்கினேன். இன்னொன்று முந்தின வருஷம் 0.3-ல் இருந்து 0.7-க்குத் தாவியிருந்தது. விற்பனை சூடு பிடித்துவிட்டது, இதுதான் நம் கம்பெனி என்று முடிவு செய்தேன். அதன் பெயரை இங்கே எழுதவில்லை. தப்பு அவர்கள் கணக்கில் இல்லை, அதைப் படித்தவனிடம்.

மறுநாள் சாயங்காலம் படூரில் அக்கா வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்:

“தம்பி, இந்த வீட்டை நான் 2019-ல புக் பண்ணேன். கொஞ்சம் கொஞ்சமா பணம் கட்டுனேன். சாவி 2022-லதான் கொடுத்தாங்க. அவங்க கணக்குல நான் எந்த வருஷத்து விற்பனை?”

“அதெல்லாம் ஆடிட்டர் பார்த்துக்குவாங்கக்கா. விகிதத்துல எல்லாம் அடங்கிரும்.”

அடங்கவில்லை. அந்தக் கேள்விக்குள்தான் எல்லாமே இருந்தது.

மண்டியில் விற்ற மூட்டை அன்றைக்கே வண்டி ஏறிவிடும். கையிருப்பு குறைவதும் விற்பனை எழுதப்படுவதும் ஒரே நாளில் நடக்கும். அடுக்குமாடி வீட்டில் அப்படி இல்லை. விற்ற சரக்கும் குடோனிலேயே கிடக்கும். 2018 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த ‘இண்ட் ஏஎஸ் 115’ என்ற கணக்கியல் தரநிலைப்படி, நம் நாட்டுக் கம்பெனிகள் பல, கட்டி முடித்து வீட்டை ஒப்படைக்கும்போதுதான் அதை வருமானமாக எழுதுகின்றன. அதற்கு முன்னால், எவ்வளவு கட்டியிருக்கிறோமோ அந்தச் சதவீதத்துக்கு ஏற்ப வருஷா வருஷம் எழுதும் முறை பரவலாக இருந்தது.

நூறு வீடு கட்டும் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். முதல் வருஷமே எண்பது வீடு புக் ஆகிவிடுகிறது. மூணு வருஷம் சிமெண்டும் கம்பியும் கூலியும் கையிருப்பில் ஏறிக்கொண்டே இருக்கும். வருமானத்தில் ஒன்றும் வராது. சுழற்சி பூஜ்யத்தை ஒட்டிக் கிடக்கும். நாலாவது வருஷம் சாவி கொடுக்கிறார். எண்பது வீடும் ஒரே வருஷத்தில் வருமானம் ஆகும், கையிருப்பு மளமளவென்று இறங்கும், விகிதம் துள்ளும். அந்த நாலாவது வருஷத்தில் அவர் புதிதாக ஒரு வீடுகூட விற்காமல் இருந்திருக்கலாம். நான் கொண்டாடிய 0.7 இப்படிப்பட்ட துள்ளல்தான். நான் ஒதுக்கிய 0.2 கம்பெனியோ முதல் மூணு வருஷத்தில் இருந்தது. அதன் குடோனில் கிடந்ததில் பெரும்பகுதி ஏற்கெனவே விற்றுப்போன சரக்கு.

அமெரிக்கத் தனி வீட்டில் இந்தச் சிக்கல் குறைவு. ஒப்பந்தத்துக்கும் சாவிக்கும் நடுவில் சில மாதம்தான் என்பதால் விகிதம் நிஜத்தை ஓரளவு ஒட்டியே வரும். அங்கே பொருந்தும் அளவுகோலைப் பதினாலு மாடிக் கட்டடத்துக்கு எதிரே நீட்டினேன்.

இதெல்லாம் எனக்குத் தெரியாமல் போனது என்று இத்தோடு நிறுத்தினால் இது ஒப்புதல் ஆகாது. அக்கா வீட்டுக்குப் போவதற்கு முந்தின ராத்திரி அந்தக் கம்பெனியின் ஆண்டறிக்கையை அச்செடுத்துப் படித்தேன். கையிருப்புக்கான குறிப்பில் மூன்று வரிகள்: நிலம், கட்டுமானத்தில் இருப்பவை, கட்டி முடித்த வீடுகள். நிலம் அப்படியே இருந்தது. நடுவரி சரிந்திருந்தது. கட்டி முடித்தும் விற்காத வீடுகள் கூடியிருந்தன. நாலைந்து பக்கம் தள்ளி, கடன்பாடுகள் பகுதியில், வீடு வாங்குகிறவர்கள் கட்டிய முன்பணம். அது ஒரே வருஷத்தில் பெரும்பகுதி கரைந்திருந்தது. பழைய புக்கிங் எல்லாம் சாவியாகிப் போய்விட்டது, புது புக்கிங் வரவில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டாம்.

அதன் அர்த்தம் அன்றைக்கு எனக்கு முழுதாகப் புரியவில்லை. ஆனால் ஏதோ இடிக்கிறது என்பது தெரிந்தது. பென்சிலால் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டேன். மணி பதினொன்றரை. “நாளைக்கு வர்றேன், ஒரு நல்ல ஷேர் சொல்றேன்” என்று அக்காவிடம் ஏற்கெனவே போனில் சொல்லியாகிவிட்டது. பக்கத்தைப் புரட்டினேன்.

அடுத்த வருஷம் அந்தக் கம்பெனிக்குச் சாவி கொடுக்க வேண்டிய கட்டடம் எதுவும் இல்லை. வருமானம் பாதிக்கும் கீழே போனது. பங்கின் விலையும் அதன் பின்னாலேயே போனது. அக்கா போனில் கேட்டபோதெல்லாம் “மார்க்கெட் அப்படித்தான்கா, கொஞ்சம் பொறு” என்றேன். வீடு கட்டும் கம்பெனிகளின் பங்குகள் பொதுவாக நன்றாக ஏறிய காலம் அது. நான் ஒதுக்கிய 0.2 கம்பெனியும் ஏறியது. மார்க்கெட் மேல் பழி போட எனக்கு எந்த நியாயமும் இல்லை. ஒரு வருஷத்துக்கு மேல் அதையே சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் ராத்திரி ஏழரை மணிக்குப் பழைய மகாபலிபுரம் சாலையில் அந்தக் கம்பெனி கட்டி முடித்த கட்டடத்துக்கு எதிரே வண்டியை நிறுத்தினேன். ஒரு பக்கத்தில் மட்டும் ஐம்பத்தாறு பால்கனி. பதினெட்டில்தான் வெளிச்சம். துணிக்கொடி இல்லை, செடித்தொட்டி இல்லை. ஏசி குழாய்க்காக விட்ட துவாரங்களில் அடைத்த தெர்மாக்கோல் வெள்ளை வெள்ளையாகத் தெரிந்தது. “பாதிப் பேர்கூட வரலை சார்” என்றார் காவலாளி. இருட்டாக இருப்பதெல்லாம் விற்காத வீடு என்று சொல்ல முடியாது. வாங்கிப் பூட்டி வைத்திருப்பவர்களும் உண்டு. ஆனால் 2016-ம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படி, எத்தனை வீடு புக் ஆகியிருக்கிறது என்பதைக் கட்டுபவர்கள் மூணு மாதத்துக்கு ஒருதரம் ஒழுங்குமுறை ஆணையத்தின் இணையதளத்தில் புதுப்பிக்க வேண்டும். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அக்காவின் பணத்தைப் போடச் சொல்வதற்கு முன்னால் அதைப் பார்க்க எனக்கு அரை மணி நேரம் ஆகியிருக்கும்.

பிறகு ஒவ்வொன்றாகப் பிடிபட்டது. நம் ஊரில் நில உரிமையாளரோடு ஜாயின்ட் வென்ச்சர் போட்டுக் கட்டுவது சகஜம். அவர் நிலத்தைக் கொடுப்பார், பதிலுக்குச் சில வீடுகளை எடுத்துக்கொள்வார். பணம் போட்டு நிலம் வாங்காததால் கட்டுகிறவரின் பணம் அவ்வளவாக முடங்காது, சுழற்சி வேகமாகத் தெரியும். சொந்தப் பணத்தில் நிலம் வாங்கியவரோடு அவரை ஒப்பிட்டு இவர் கெட்டிக்காரர் என்பது தப்பு. பல திட்டங்களில் கட்டுமானக் கடனின் வட்டியும் கையிருப்பின் மதிப்பில் ஏறி உட்காருகிறது. ‘பழைய மூட்டை’யின் வட்டி அங்கேயே ஒளிந்துகொள்கிறது. எல்லாவற்றிலும் என்னைக் கலங்கடித்தது மதிப்புக் குறைப்பு. நிலத்தின் விலை விழுந்து அதைக் கணக்கில் வெட்டினால் கையிருப்பு குறையும், வெட்டிய தொகை செலவில் சேரும், விகிதம் உயரும். 2007, 2008-ல் அமெரிக்கக் கம்பெனிகள் பல இப்படி நிலத்தின் மதிப்பைப் பெரிய அளவில் வெட்டின. அந்த வெட்டை நீக்காமல் கணக்குப் போட்டால், நொடிக்கிற கம்பெனியும் சரக்கை நன்றாகச் சுழற்றுகிற கம்பெனி போலவே தெரியும்.

இப்போது நான் முதலில் பார்ப்பது அந்த வருஷத்துப் புக்கிங், கைக்கு வந்த வசூல். அப்புறம் கையிருப்பை மூன்றாகப் பிரித்து, கட்டி முடித்தும் கிடக்கும் வீடுகளைத் தனியே எடுத்துப் பார்க்கிறேன். அப்பா கேட்ட பழைய மூட்டை அதுதான். வாடிக்கையாளர் முன்பணத்தைக் கையிருப்போடு சேர்த்து வைத்துப் பார்க்கிறேன். ஒரு வருஷத்து விகிதத்தைத் தனியாக எடுத்துக்கொள்வதே இல்லை; அஞ்சாறு வருஷச் சராசரி இல்லாமல் அதற்கு அர்த்தம் கிடையாது.

போன மாதம் அந்த அச்செடுத்த அறிக்கையை எடுத்துக்கொண்டு படூருக்குப் போனேன். மேஜையில் விரித்து, “அன்னைக்கு நீ கேட்டதுக்குப் பதில் சொல்ல வந்திருக்கேன்கா” என்றேன். அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டாள். தன் வீட்டு ரசீதுகளின் ஃபைலையும் எடுத்து வந்தாள். அவள் 2019-ல் கட்டிய முதல் தவணை, சாவி வாங்கும் நாள் வரைக்கும் அவர்கள் கணக்கில் எந்தப் பக்கம் இருந்திருக்கும் என்று காட்டினேன். “அப்ப அதுவரைக்கும் என் பணம் அவங்களுக்குக் கடன்தானே?” என்றாள். ஆமாம் என்றேன். எனக்கு ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது அவளுக்கு நாலு நிமிஷம் ஆயிற்று.

அப்புறம் அவள் விரல் முன்பணம் என்ற வரிக்குப் பக்கத்தில் நின்றது. எத்தனையோ ஆயிரம் விடைத்தாள் திருத்திய விரல்.

“இந்தக் கேள்விக்குறி எப்ப போட்டது?”

“உன்கிட்ட வர்றதுக்கு முந்தின ராத்திரி.”

அவள் கண்ணாடியைக் கழற்றினாள். அறிக்கையை மூடி என் பக்கம் நகர்த்தினாள். “சாப்பிட்டுப் போ” என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள். பங்கை விற்கலாமா, வைத்திருக்கலாமா என்று கேட்கவில்லை.