மை வீசியும் மங்காத திரை!

பாரீஸ் என்றதும் ஈஃபிள் கோபுரம்தான் நம் நினைவுக்கு வரும். அந்நகரின் வடக்கே மோன்மார்த்ர் குன்றுக்குப் போகிறவர்கள் இன்னொரு இடத்தையும் பார்க்கத் தவறக் கூடாது. அபெஸ் மெட்ரோ நிலையத்தில் இறங்கிச் சில நிமிடங்கள் நடந்தால் தொலோஸே தெரு. மேட்டில் ஏறும் அந்தக் குறுகிய தெருவின் உச்சியில் பழைய காற்றாலை ஒன்று தெரியும். அதைப் பார்த்தபடியே ஏறினால், 10-ம் எண் கட்டடம்தான் 'ஸ்டுடியோ 28'.

பெயரைப் பார்த்து, படப்பிடிப்பு நடக்கும் இடம் என்று நினைத்துவிடாதீர்கள். இது சினிமா தியேட்டர். 1928 பிப்ரவரியில் திறக்கப்பட்டதால் இந்தப் பெயர். மற்ற தியேட்டர்கள் தொடத் தயங்கும் புதுமையான படங்களுக்கென்றே ழான் மோக்ளேர் என்பவர் இதைத் தொடங்கினார்.

அதற்கான சோதனை இரண்டே வருடங்களில் வந்தது. 1930-ல் லூயி புனுவல் இயக்கிய 'லாஜ் தோர்' இங்கே திரையிடப்பட்டது. ஓவியர் சால்வதோர் தாலியும் எழுத்தில் பங்கு கொண்ட படம். மதத்தையும் மேல்தட்டு ஒழுக்கத்தையும் அது கேலி செய்ததில் பலருக்கும் கோபம்.

டிசம்பர் 3-ம் தேதி காட்சியின் நடுவே தீவிர வலதுசாரிக் கும்பல் ஒன்று ரகளையில் இறங்கியது. திரைமீது மை வீசினார்கள். இருக்கைகளை உடைத்தார்கள். முன்கூடத்தில் தாலி, மிரோ, மேக்ஸ் எர்ன்ஸ்ட் ஆகியோரின் ஓவியங்கள் மாட்டப்பட்டிருந்தன. அவற்றையும் கிழித்தார்கள். அடுத்த சில நாட்களில் போலீஸார் தடை விதித்தது ரகளை செய்தவர்களுக்கு அல்ல, படத்துக்கு! பிரான்ஸில் அந்தப் படம் மறுபடி முறையாக வெளிவர 1981 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ஆனால், தியேட்டர் சாய்ந்துவிடவில்லை. கைகள் மாறினாலும் நல்ல படங்களைத் தேடிக் காட்டும் வழக்கம் மாறவில்லை. கவிஞரும் இயக்குநருமான ழான் காக்தோ, அரங்குக்கு விளக்குகளை வடிவமைத்துக் கொடுத்தார். 2001-ல் உலகமெங்கும் ஓடிய 'அமேலி' படத்தின் நாயகி, இருட்டில் திரும்பி மற்றவர்களின் முகங்களை ரசிப்பதும் இந்தத் தியேட்டரில்தான்.

இன்றும் ஒரே திரைதான். உள்ளே சின்னத் தோட்டமும் காபி குடிக்க இடமும் உண்டு. போகிறவர்கள் கொஞ்சம் முன்னதாகவே இருக்கையில் அமர்ந்துவிடுங்கள். படம் தொடங்கிவிட்டால் காக்தோவின் விளக்குகளை அணைத்துவிடுவார்கள்!