மைலோ டின்னும் பள்ளித் திடலும்



எங்கள் பள்ளி ஒரு காலத்தில் கித்தாத் தோட்டத்துப் பள்ளி. தோட்டம் வீடமைப்புப் பகுதியாக மாறியபோது, அதே நிலத்தில் எங்களுக்குப் புதிய கட்டடம் கிடைத்தது. கூடவே ஒரு தொல்லையும் கிடைத்தது. மாலையில் ஒரு மழை பெய்தால் போதும். முதலாம் ஆண்டு வகுப்பின் முன்னால் கணுக்காலளவு நீர் தேங்கிவிடும். மறுநாள் காலையில் பிள்ளைகள் காலணியைக் கையில் ஏந்தியபடி வகுப்புக்குள் நுழைவர்.

கூரைநீரை மண்ணுக்குள் இறக்கும் மழைத்தோட்டம் ஒன்றை அவ்விடத்திலேயே அமைக்கலாம் என்று பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் முன்மொழிந்தவன் நான்தான். மழைநீரை விரைந்து ஆற்றுக்குத் துரத்தாமல், விழுந்த இடத்திலேயே தாமதப்படுத்தவும் ஊறவைக்கவும் வேண்டும் என்பது நம் நாட்டுக்குப் புதிய கருத்தன்று. வடிகால் நீர்ப்பாசனத் துறை 2001 முதல் நடைமுறைப்படுத்திய நகர்ப்புற மழைநீர் மேலாண்மைக் கையேடு அதைத்தான் வலியுறுத்துகிறது. அதன் இரண்டாம் பதிப்பு 2012இல் வந்தது. அதற்கும் முன்பே தோட்டங்களில் மரவரிசைகளுக்கிடையே குழி வெட்டுவார்கள். சரிவில் ஓடிவரும் நீரும் மண்ணும் அக்குழியில் தங்கும். என் தந்தையார் எத்தனையோ குழிகள் வெட்டியவர்.

பெற்றோர் உணவுச்சந்தை நடத்திப் பணம் திரட்டினர். நானும் ஆறாம் ஆண்டு மாணவர்களும் மண்ணைச் சோதித்தோம். மைலோ டின் ஒன்றின் அடியை வெட்டியெடுத்து, மண்ணில் ஐந்து செண்டிமீட்டர் ஆழம் அடித்து இறக்கி, நீரூற்றி, அடிக்கோலால் அளந்தோம். முதல் பத்து நிமிடங்களில் 9 மில்லிமீட்டர் இறங்கியது. அப்படியானால் மணிக்கு 54 மில்லிமீட்டர்! எனக்கு ஒரே மகிழ்ச்சி.

குறிப்பேட்டை வைத்திருந்த மாணவி அளப்பதை நிறுத்தவில்லை. அடுத்த பத்து நிமிடங்களில் 5, அதற்கடுத்த பத்தில் 3.

"ஐயா, போகப் போகக் குறையுதே?" என்றாள்.

"முதல் கணக்கே போதும்மா, மணி அடிக்கப் போகுது" என்றேன்.

கூட்டத்தில் 54 என்றே அறிவித்தேன். எல்லாரும் கைதட்டினர்.

அன்றிரவு அந்தக் கேள்வி என்னை உறங்கவிடவில்லை. படித்துப் பார்த்தபோதுதான் என் பிழை விளங்கியது. காய்ந்த மண் முதலில் வேகமாக நீரை உறிஞ்சும். வெடிப்புகள் வழியாகவும் நீர் ஓடிவிடும். மண் நன்கு நனைந்து, வேகம் ஒரே சீராக நின்ற பிறகு கிடைக்கும் அளவுதான் வடிவமைப்புக்கு உதவும். மேலும், ஒற்றை வளையத்திலிருந்து நீர் பக்கவாட்டிலும் கசிந்துவிடும். அதனால்தான் பொறியாளர்கள் 30, 60 செண்டிமீட்டர் விட்டமுடைய இரண்டு வளையங்களை ஒன்றனுள் ஒன்றாக வைக்கின்றனர். வெளிவளைய நீர் பக்கங்களில் பரவும். உள்வளைய நீர் பெரும்பாலும் நேரே கீழிறங்கும்.

முதல்நாளே நீரூற்றி ஊறவைத்து, மைலோ டின்னைச் சுற்றிப் பெரிய பெயிண்ட் டின் ஒன்றை இறக்கி, மீண்டும் அளந்தோம். அரை மணி நேரத்தில் 2 மில்லிமீட்டர். மணிக்கு 4! கட்டட வேலையின்போது கனரக வாகனங்கள் ஏறியிறங்கிய களிமண் அது. துளைகள் நசுங்கிக் கிடந்தன. மணிக்கு ஏறத்தாழ 13 மில்லிமீட்டருக்கும் குறைவாக இறங்கும் மண்ணில் ஊறல் அமைப்பு வேண்டாம் என்பது பல வடிவமைப்பு வழிகாட்டிகளின் அறிவுரை. கணக்குப் பாடத்தில் பிள்ளைகளே போட்டுப் பார்த்தனர்: 150 மில்லிமீட்டர் ஆழக் குழி வடிய முப்பத்தேழரை மணி நேரம். நாள்தோறும் மழை பெய்யும் மாதங்களில் அது வற்றவே வற்றாது. முதலாம் ஆண்டுப் பிள்ளைகளின் சன்னலுக்கு அருகில் கொசுவுக்கு நாமே தொட்டில் கட்டிக் கொடுத்திருப்போம்.

பிறகு, பின்வேலியோரத்து ரம்புத்தான் மரத்தடியில் சோதித்தோம். தோட்டக் காலத்திலிருந்து எந்த வாகனமும் மிதிக்காத மண். அங்கே, நன்கு ஊறவைத்த பிறகும், அரை மணியில் 20 மில்லிமீட்டர் இறங்கியது. அதாவது மணிக்கு 40. ஒரே நிலம், நூறடி கூட இடைவெளியில்லை. பத்து மடங்கு வேறுபாடு! நாளடைவில் வண்டல் அடைத்துக்கொள்ளும் என்பதால் அதில் பாதியைத்தான் கணக்கில் கொண்டோம். அப்படியும் அதே ஆழக் குழி ஏழரை மணி நேரத்தில் வடிந்துவிடும். மரத்தின் வேர் வெட்டுப்படாமல் சற்றுத் தள்ளியே குழியைக் குறித்திருக்கிறோம்.

அடுத்த கூட்டத்தில் எழுந்து, "நான் சொன்ன எண் தவறு, ஆறாம் ஆண்டு மாணவி ஒருத்தி கேட்டபோதே நான் நின்று கேட்டிருக்க வேண்டும்" என்றேன். மண்டபம் அமைதியானது. "நல்ல வேளை, காசு இன்னும் கையில்தானே இருக்கு வாத்தியாரே" என்றார் ஒரு தந்தை. மாணவியின் தாயார் பின்வரிசையில் இருந்தார். நான் அவரை நேராகப் பார்க்கச் சற்று நேரமாயிற்று.

கூரைநீரை மரத்தடிக்குக் கொண்டுசெல்ல ஆழமற்ற கால்வாய் ஒன்று வெட்ட வேண்டும். வருகின்ற சனிக்கிழமை காலை 8 மணிக்குக் கோத்தோங் ரோயோங். மண்வெட்டி வைத்திருக்கும் பெற்றோர் கொண்டுவர வேண்டுகிறேன். மண்வாரி இயந்திரம் தருவதாக ஒருவர் அன்போடு சொன்னார். அந்த மண்ணில் மட்டும் அது ஏறவேண்டாம். அளக்கும் குறிப்பேடு இம்முறையும் அந்த மாணவியிடமே இருக்கும்.