பாட்டுக்கு உடையவர் யார்?

சொல்லைச் சந்தத்தில் ஏற்றி ஓடவிடும் கலை எங்கள் கரிவலம்வந்தநல்லூருக்குப் புதிதன்று. அதிவீரராம பாண்டியர் பெயரால் வழங்கும் திருக்கருவை அந்தாதிகள் இவ்வூரைப் பாடியவை. ஒரு பாட்டின் முடிவை அடுத்த பாட்டின் முதலாக எடுத்துத் தொடுக்கும் அவ்வமைப்பைப் பள்ளியில் மனனம் செய்த தலைமுறையைச் சேர்ந்தவன் நான். சங்கரன்கோவில் வட்டாரத்துச் சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியாரின் காவடிச் சிந்தோ, படிப்பவரின் விரல்களைத் தாமாகவே தாளமிட வைக்கும். வாசலில் நின்று தப்ஸ் கொட்டிப் பாடும் பக்கீர்மாரின் குரலும் நமக்குப் பழக்கமானதே. இவற்றையெல்லாம் கேட்டு வளர்ந்த நாம், 'ஹிப் ஹாப்' என்ற பெயர் காதில் விழுந்ததும் முகஞ்சுளிப்பானேன்?

என் தங்கையின் மகன் இப்பாட்டில் ஈடுபாடு மிக்கவன். கல்லூரிப் படிப்பை முடித்து, நண்பர் மூவருடன் குழு அமைத்துப் பாட்டெழுதி வருகிறான். வீட்டாருக்குக் கவலை, அவனுக்குப் புத்தி சொல்லும்படி என்னை வேண்டினர். அவனோ, "மாமா, இதில் சோறு கிடைக்குமா என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள். நான் என்ன பாடுகிறேன் என்று ஒருவரும் கேட்கவில்லையே!" என்றான். நியாயமான குறைதான். ஆயினும், சோற்றைப் பற்றிய கேள்வியும் தள்ளத் தக்கதன்று. இரண்டுக்கும் விடை தேடியே, அவன் போற்றும் குழுக்களின் வரலாற்றை ஆராயலானேன்.

1973ஆம் ஆண்டு ஆகஸ்ட் 11ஆம் நாள், நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில், ஜமைக்காவிலிருந்து குடியேறிய கூல் ஹெர்க் என்ற இளைஞர் இசைத்தட்டுகளைச் சுழற்றிய ஒரு விருந்திலேயே இக்கலை பிறந்ததாகக் கூறுவர். எளியோர் நிறைந்த அப்பகுதியிலிருந்து அது கடல் கடந்தது. மலேசியாவில் 'பொயட்டிக் அம்மோ' குழுவில் பாடிய யோகி பி, பின்னர் 'நட்சத்ரா' குழுவினருடன் 2006இல் 'வல்லவன்' என்னும் தொகுப்பை வெளியிட்டார். 1980இல் வந்த 'நிழல்கள்' படத்தின் 'மடை திறந்து' பாடலை அவர்கள் புதுக்கோலத்தில் தந்தபோது, தமிழகத்து இளைஞர்கள் திரும்பிப் பார்த்தனர்.

நம் மண்ணுக்கு இன்னும் நெருங்கிய கதை மும்பையின் தாராவியில் இருக்கிறது. பழைய திருநெல்வேலி மாவட்டத்திலிருந்து பிழைப்புத் தேடிச் சென்றோர் குடியேறிய இடம் அது. அங்குத் தோல் பதனிடும் தொழிலை வளர்த்தவர்களுள் தமிழ் முஸ்லிம்களுக்கும் பெரும் பங்குண்டு. அந்தச் சந்துகளில் வளர்ந்த டோனி செபாஸ்டியன், ராஜேஷ் ராதாகிருஷ்ணன் முதலிய இளைஞர்கள் 'டோப்படெலிக்ஸ்' என்ற குழுவை அமைத்தனர். போதைப் பொருளை நினைவூட்டும் அப்பெயர் பெரியோருக்கு உவப்பாயிராது, எனக்கும் உவப்பில்லை. ஆனால், அவர்கள் பாடிய பொருளைக் கேளுங்கள். சேரிவாழ் இளைஞனைக் கண்டாலே காவலர் ஐயுறும் கொடுமையை மராத்தியில் பாடினர். இந்தியும் தமிழும் அவர்கள் நாவில் ஒருங்கே புழங்கின. பெரிய நிறுவனத்தின் துணையின்றித் தெருவிலும் இணையத்திலும் வளர்ந்த அக்குரல், 2018இல் தாராவியைக் களமாகக் கொண்டு வந்த 'காலா' திரைப்படத்தின் வழியே தமிழகத்தின் பட்டிதொட்டியெங்கும் ஒலித்தது.

இங்கேதான் நாம் சிந்திக்க வேண்டும். தனித்து நின்ற குழுவை ஊரறியச் செய்ய ஒரு திரைப்படம் தேவைப்பட்டதே! இதுவும் புதிதன்று. அண்ணாமலை ரெட்டியாருக்கு ஊற்றுமலை ஜமீன்தார் இருதாலய மருதப்பத் தேவர் வாய்த்தார். உமறுப் புலவருக்கு வள்ளல் சீதக்காதி வாய்த்தார். வள்ளலின் மறைவுக்குப் பின் அபுல்காசிம் மரைக்காயர் கைகொடுத்திராவிடில் சீறாப்புராணத்தின் கதி என்னவாகியிருக்குமோ! புரவலரை நம்பிய புலமைக்கு அவருடைய ஆயுளே எல்லையாகும் அபாயம் என்றும் உண்டு.

இன்றைய புரவலர் யார்? பாட்டைப் பரப்பும் நிறுவனமும் இணையத் தளமுமே. சீதக்காதி கொடுத்தார், பாட்டின் உரிமையைக் கேட்கவில்லை. இன்றோ ஒப்பந்தத்தின் ஒரு வரியில் பாட்டே கைமாறிவிடக்கூடும். 2021இல் வெளிவந்த 'என்ஜாயி எஞ்சாமி' பாடல் கோடிக்கணக்கான முறை கேட்கப்பட்டது. ஆயினும் அதனால் தமக்கோ, பாடிய அறிவு, தீ இருவருக்கோ ஒரு காசும் வரவில்லையென்று இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன் 2024இல் வெளிப்படையாகவே கூறினார். புகழ் வேறு, வருவாய் வேறு என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

ஆகவே, பிள்ளைகள் இத்துறையில் இறங்க விழையும் குடும்பங்களுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான்: தடுக்காதீர்கள், கண்ணை மூடிக்கொண்டு அனுப்பவும் செய்யாதீர்கள். கைத்தொழில் ஒன்று உடனிருக்கட்டும். பசியில்லாதவனே பேரத்தில் 'முடியாது' என்று சொல்ல வல்லவன். கையொப்பமிடும் முன் ஒப்பந்தத்தை விவரமறிந்தவரிடம் காட்டட்டும். குழுவினருக்குள் பங்கு இன்னதென்று, நட்பு இனிக்கும் காலத்திலேயே எழுதிக்கொள்ளட்டும். நிலம் வாங்கும்போது வில்லங்கம் பார்க்கும் நாம், பிள்ளையின் சொல்லை விற்கும்போது பார்க்க வேண்டாமா? அதற்கும் முன்னதாக, அவன் எழுதியதை ஒருமுறை உட்கார்ந்து கேளுங்கள். வீட்டார் செவிகொடாத பாட்டுக்கு வெளியார் விலை வைப்பது எளிது.