நான் எடுக்காத படம்

பினாங்குப் பாலத்தின் படம் உங்கள் வீட்டிலும் இருக்கும். என் ஆல்பத்தில் 11 இருக்கின்றன. 1985-இல் பாலம் திறந்ததும் இரவல் கேமராவோடு ஜுருவிலிருந்து பிறைக் கடற்கரைக்கு ஓடினேன். நாட்காட்டியில் கண்ட அதே கோணம், அதே அந்தி வெயில்! படம் கழுவிய கடைக்காரர், "இந்த வாரம் இது ஏழாவது பாலம்" என்று சிரித்தார்.

பார்த்துச் செய்வது பாவமில்லை. தொழில் அப்படித்தான் கைக்கு வரும். 1862-இல் ஜான் தாம்சன் என்ற வெள்ளைக்காரர் பினாங்கில் படமெடுத்தபோது, அவரிடம் படம் அச்சுப்போடப் பழகியவர்கள் இரண்டு மதராஸ்காரர்கள். கேமரா அவர்களுடையதாக இருந்திருந்தால் எந்தப் பக்கம் திருப்பியிருப்பார்களோ?

என் கையில் கேமரா இருந்தது. "நம்ம லயத்த ஒண்ணு எடுப்பா" என்றார் அம்மா. "பிலிம் வீணாயிடும்மா" என்றேன். வாசலில் கவிழ்த்த பால்வாளி, கூரையில் படர்ந்த பீர்க்கங்கொடி, விறகடுப்புப் புகை, பின்னால் வரிசை வரிசையாய் ரப்பர் மரங்கள். எந்த நாட்காட்டியிலும் அது வந்ததில்லை. அதனாலேயே எனக்கு அது காட்சியாகப் படவில்லை. லயம் இடிபட்டு வருடங்கள் ஆகிவிட்டன. அம்மாவும் இல்லை.

பேத்தி ஆல்பத்தைப் புரட்டி, "உங்க வீடு எங்க தாத்தா?" என்கிறாள். பாலத்தைக் காட்டி, "இத எடுத்தப்போ என் முதுகுக்குப் பின்னால இருந்துச்சும்மா" என்கிறேன்.