செம்பொன் ஒட்டிய இழை

காலையில் தங்கம் காய்ச்சினோம். ஆய்வகத்தில் அப்படித்தான் சொல்வது. பாகு காய்ச்சுவதுபோல் பக்கத்தை விட்டு நகர முடியாத வேலை. கோல்டு குளோரைடு கரைத்த நீர் வெளிர் மஞ்சளாக இருக்கும். ஹாட் பிளேட்டில் அது தளதளவென்று கொதிக்கும்போது சிட்ரேட் கரைசலை ஒரே மூச்சில் ஊற்றிவிட வேண்டும். முதலில் மஞ்சள் மறைந்து வெறும் தண்ணீராகத் தெரியும். கொஞ்ச நேரத்தில் சாம்பல் படரும். அப்புறம் மை கரைத்தாற்போல் கருநீலம், கத்தரிப்பூ நிறம், கடைசியில் மாதுளைச் சாறு. பத்து நிமிடம்கூட ஆகாது. 1951இல் டர்கேவிச்சும் உடன் இருந்தவர்களும் ஆராய்ந்து எழுதிய முறை இது. எத்தனை தடவை செய்திருப்பேன்! இன்றும் அந்தக் கருநீலம் சிவக்கும் நொடியில் வேறெங்கும் பார்க்கத் தோன்றவில்லை.

*

புதிதாகச் சேர்ந்த பெண் கேட்டாள்: “அக்கா, தங்கம்னு சொன்னீங்க, இது சிவப்பா இருக்கே?”

இடுப்பில் குடம் சுமந்து நடந்தவர்களுக்கு இதைச் சொல்வது எளிது. நடையின் வேகமும் தண்ணீர் ஆடும் வேகமும் ஒத்துப்போனால் குடம் தளும்பி வழியும். ஒத்துப்போகாவிட்டால் ஒரு சொட்டும் சிந்தாது. இந்தச் சிவப்பு நீரில் மிதக்கும் 20 நானோமீட்டர் தங்க உருண்டைக்குள் எலெக்ட்ரான்கள் குடத்துத் தண்ணீர்போல. வருகிற ஒளியின் அதிர்வு அவற்றின் ஆட்டத்தோடு பொருந்தும் இடம் ஏறக்குறைய 520 நானோமீட்டர், அதாவது பச்சை. அந்தப் பச்சையை உருண்டை விழுங்கிவிடும். மிஞ்சி வருவது சிவப்பு. 1908இல் குஸ்டாவ் மீ இதற்கு முழுக் கணக்கும் போட்டுக் கொடுத்துவிட்டார். இந்த ஆட்டத்துக்குப் பிளாஸ்மான் என்ற பெயர் பிறகு வந்தது.

எங்களுக்கு வேண்டியது அடுத்த விஷயம். குடம் அதேதான், ஆனால் அதைச் சுற்றி இருக்கும் பொருள் மாறினால் தளும்பும் வேகமும் மாறுகிறது. உருண்டையின் மேல் ஒரு புரதம் வந்து உட்கார்ந்தாலே போதும், நிறத்தின் உச்சி மெல்ல நகரும். சென்சார் என்பது இந்த நகர்வைப் படிப்பதுதான்.

*

ஒரு கணக்கு போட்டுப் பார்த்தேன். எட்டு கிராம், அதாவது ஒரு பவுன் தங்கத்தை 20 நானோமீட்டர் உருண்டைகளாக்கினால் லட்சம் லட்சம் கோடி உருண்டைகள் வரும். ஒவ்வொன்றிலும் சுமார் இரண்டரை லட்சம் அணுக்கள். எல்லாவற்றின் மேற்பரப்பையும் கூட்டினால் 1,300 சதுர அடிக்கு மேல், ஒரு வீட்டின் தரைப் பரப்பு. நாங்கள் சென்சாராக்கும் கண்ணாடி இழை ஒன்றில் ஒரு சென்டிமீட்டர் நீளத்துக்கு, ஐந்தில் ஒரு பங்கு பரப்பை உருண்டைகள் மூடினால் செலவாகும் தங்கம் ஒரு மைக்ரோகிராமில் மூன்றில் ஒரு பங்கு. ஒரு பவுனில் இரண்டு கோடி இழைக்கு மேல் செய்யலாம். “தங்கத்துல செய்யறீங்களா, கட்டுப்படியாகுமா?” என்று கேட்கும் உறவினர்களுக்குச் சொல்ல இந்தக் கணக்கை வைத்திருக்கிறேன். விலை தங்கத்தில் இல்லை.

*

இழை. கண்ணாடி ஃபைபருக்குள் ஒளி முழு அக எதிரொளிப்பால் அடைபட்டுப் போகிறது என்று பள்ளியில் படித்தோம். முழுவதும் அடைபடுவதில்லை. ஒவ்வொரு முறை சுவரில் பட்டுத் திரும்பும்போதும் சில நூறு நானோமீட்டர் தூரம் வெளியே எட்டிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போகிறது. எவனசென்ட் அலை என்பது அதைத்தான். மேலுறையை உரித்துவிட்டு அந்த எட்டிப் பார்க்கும் இடத்தில் தங்கத்தை ஒட்டினால், உள்ளே போகும் ஒளி ஒவ்வொரு உருண்டையையும் தொட்டுவிட்டுப் போகும்.

நேர் இழையைவிட வளைத்த இழை நன்றாக வேலை செய்யும். வளைவில் ஒளி சுவரை இன்னும் செங்குத்தாக முட்டுகிறது, வெளியே அதிகம் கசிகிறது. 2009இல் மும்பை ஐஐடியில் சாய், குண்டு, முகர்ஜி மூவரும் ‘யு’ வடிவில் வளைத்த இழையில் தங்கத் துகள்களை ஒட்டிக் காட்டினார்கள். சாய் பிறகு சென்னை ஐஐடிக்கு வந்து இதே வழியில் நிறையச் செய்திருக்கிறார். ஒரு எல்.ஈ.டி., ஒரு ஒளி உணரி, நடுவில் வளைந்த இழை. இவ்வளவு போதும் என்பது எனக்கு இந்தத் துறையிலேயே பிடித்த செய்தி. ஓர் ஆரம்ப சுகாதார நிலைய மேசையில் வைக்கக்கூடிய கருவிக்கு இது வழி.

வளைப்பது கைப்பழக்கம். 200 மைக்ரான் இழையின் உறையை பிளேடால் சுரண்டி, சின்னச் சுடரில் ஒரு கணம் காட்டி மடக்க வேண்டும். சூடு கூடினால் வளைவில் கண்ணாடி தடித்துவிடும், குறைந்தால் ‘டிக்’ என்று ஒடியும். மேசையில் தெறிக்கும் துண்டு கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத்தான் தெரியும். கண்ணாடி போட்டுக்கொண்டு மட்டுமே உட்கார வேண்டும்.

*

போன மாதம் ஒரு முழு பீக்கர் பாழ். கழுவாமல் வைத்திருந்த குடுவையில் ஊற்றிவிட்டேன். முன்பு அதில் உப்புச் சேர்ந்த பஃபர் இருந்திருக்கிறது. கண் முன்னே மாதுளை நிறம் ஊதாவாகி, நீலமாகி, மறுநாள் அடியில் கறுப்புப் பொடி. சிட்ரேட் போர்த்திய உருண்டைகள் எதிர்மின்னூட்டத்தால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டிருக்கும். உப்பு அந்தத் தள்ளுதலை மறைத்துவிட, நெருங்கி வந்து ஒட்டிக்கொள்கின்றன. நெருங்கினால் நிறமும் நீலத்துக்குப் போகும்.

ஃபாரடே 1857இலேயே இதைப் பார்த்து எழுதியிருக்கிறார். தங்கக் கரைசலில் பாஸ்பரஸைச் சேர்த்து மாணிக்க நிற நீரை உண்டாக்கி, உப்புப் போட்டால் அது நீலமாவதையும் கவனித்தார். அவர் செய்த குப்பிகள் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் இன்னும் இருக்கின்றன, நிறம் மாறாமல். எனக்கு மூன்று மாதம் தாங்கினாலே பெரிது. குடுவைகளை இப்போது ராஜ திராவகத்தில் ஊறவைத்துத்தான் எடுக்கிறேன்.

*

ஒட்டுவதில்தான் எல்லாம் இருக்கிறது. கண்ணாடிக்குத் தங்கத்தின் மேல் இயல்பாகப் பற்று கிடையாது. நடுவில் ஒரு தரகர் வேண்டும்: ஒரு முனையால் கண்ணாடியையும் மறு முனையிலுள்ள அமீனால் தங்கத்தையும் பிடிக்கும் சைலேன். அதற்கு ஈரம் ஆகாது. சென்னையில் ஐப்பசி மழை தொடங்கினால் சைலேன் தனக்குள்ளேயே கோத்துக்கொண்டு திட்டுத்திட்டாகப் படிகிறது. அந்தத் திட்டின் மேல் தங்கம் ஏறும், முதல் கழுவலிலேயே உரிந்தும் போகும். திரையில் தெரியும் சரிவைப் பார்த்து ஏதோ புரதம் விலகியதாக இரண்டு நாள் நம்பியிருந்தேன். விலகியது தங்கமே. ஆய்வுக் கட்டுரைகளில் ஒளியியல் பகுதி பல பக்கம், இந்தப் பூச்சு வேலை ஐந்தே வரி. தலைகீழாக இருந்திருக்க வேண்டும் என்று உறுதியாக நினைக்கிறேன்.

*

சர்க்கரை நீரில் இழையைச் சோதித்தல். வெறும் நீரின் ஒளிவிலகல் எண் 1.333. நூற்றுக்கு இருபது சர்க்கரை கலந்தால் 1.364. இந்த மாற்றத்துக்கு உச்சி நகர்வது ஒன்றிரண்டு நானோமீட்டர்தான். தொடர்ச்சியாகப் பூசிய மெல்லிய தங்கப் படலம் இதைவிடப் பல மடங்கு நகரும். பிறகு ஏன் உருண்டை? படலத்தின் உணர்வு நூறு, இருநூறு நானோமீட்டர் தூரம் வரை நீள்வதால் தூரத்து நீரின் வெப்ப மாற்றம்கூட அதைக் கலைக்கும். உருண்டை பத்து, இருபது நானோமீட்டருக்குள் இருப்பதை மட்டும் பார்க்கும். தேடும் பொருளைப் பிடிக்கத் தங்கத்தில் ஒட்டிவைக்கும் ஆன்டிபாடியின் நீளமே பத்து நானோமீட்டருக்குக் கொஞ்சம் கூட. தேடும் பொருள் அந்த எல்லைக்குள் வந்து உட்காருகிறது, தேடாத பெரும்பகுதி வெளியே நிற்கிறது. படலம் பூச வெற்றிடக் கருவி வேண்டும்; உருண்டைக்கு ஒரு பீக்கர் போதும்.

*

ரத்த சீரத்தில் இன்னும் தடுமாற்றம். சீரத்திலுள்ள ஆல்புமின் அழைக்காமலே வந்து தங்கத்தில் அமர்கிறது. காலியிடங்களை முன்கூட்டியே வேறு புரதத்தால் நிரப்பிவைத்தும் கொஞ்சம் நுழைந்துவிடுகிறது. அதனால் இனி ஒவ்வொரு சோதனைக்கும் இரண்டு இழைகள்: ஒன்றில் சரியான ஆன்டிபாடி, இன்னொன்றில் சம்பந்தமே இல்லாத ஆன்டிபாடி. இரண்டும் ஒரே கிண்ணத்தில், ஒரே வெப்பத்தில். வித்தியாசத்தை மட்டும் குறித்துக்கொள்வது.

பன்னிரண்டு இழைகள் ஃபிரிட்ஜில் பஃபருக்குள் இருக்கின்றன. வளைவில் மெல்லிய ரோஜா நிறம், வெள்ளைத் தாள் வைத்துப் பார்த்தால் தெரிகிறது. எட்டாவதில் மட்டும் கொஞ்சம் ஊதா. அதைத் தனியே எடுத்துவைத்துவிட்டேன்.