லேஸ் வேலை

நாலு வருஷங்களுக்கு முன் ஒரு கவிதைத் தொகுப்பைப் பற்றி எழுதியபோது, அதிலிருந்த கவிதைகளை 'வெறும் லேஸ் வேலை' என்று சொல்லி முடித்திருந்தேன். மதிப்புரையின் மற்ற வாக்கியங்களுக்கெல்லாம் ஏதோ ஒரு ஆதாரம் காட்டியிருந்தேன். இதற்குக் காட்டவில்லை. லேஸ் என்றால் அலங்காரம், அலங்காரம் என்றால் உள்ளீடற்றது, மத்தியான வேளைகளில் பெண்கள் செய்வது - இவ்வளவும் வாசகனுக்கும் எனக்கும் இடையே பேசாமலே ஒப்புக்கொள்ளப்பட்டிருந்தது. நான் எழுதுவதை அம்மா படிப்பதில்லை. இதை எப்படியோ படித்திருக்கிறாள். "அவன் பாட்டு நல்லா இல்லேண்ணா நல்லா இல்லேண்ணு சொல்லு மக்கா. அதுக்கு லேசை எதுக்கு இழுக்க?" என்றாள். சிரித்துவிட்டு, அது ஒரு உருவகம் என்றேன்.

சென்ற வருஷம் அம்மாவுக்கு டயாலிசிஸ் தொடங்கியது. வாரத்துக்கு இரண்டு தடவை, தடவைக்கு நாலு மணி நேரம். ஏ.சி. அறை, ரத்தம் வெளியே போய்த் திரும்பி வரும்போது உடம்பு நடுங்குகிறது. ஆஸ்பத்திரிக் கம்பளி கனம், கம்பளி நூல் அவளுக்கு அரிக்கும். தனக்கு ஒரு பருத்திச் சால்வை, இருப்பதே தெரியாதபடி லேசாக, குரோஷாவில் போட்டுக்கொள்ளத் தொடங்கினாள். எட்டு வரிசையோடு நின்றது. குரோஷாவில் ஊசி பிடிக்கிற வலது கை வெறும் வேலைக்காரன்தான். நூலை விரல்களுக்கிடையே ஓடவிட்டு இறுக்கம் தருவது இடது கை. ஃபிஸ்டுலா வைத்தது அந்தக் கையில். கால் மணி நேரத்துக்குமேல் அதைத் தூக்கிவைத்திருக்க அவளால் முடியவில்லை. வங்கி முடிந்து அவளைக் கூட்டிக்கொண்டு போய், வெளிக்கூடத்தில் நாலு மணி நேரம் காத்திருப்பவன் நான். கொண்டுபோகிற விமர்சனப் புத்தகங்கள் அந்தக் கூடத்தில் பத்துப் பக்கம் தாண்டுவதில்லை. ஒரு நாள் அவள் பையையே எடுத்துக்கொண்டு போனேன்.

முதல் பாடமே நான் நினைத்ததற்கு நேர்மாறு. மெல்லிய நூலுக்கு மெல்லிய ஊசி என்று எண்ணியிருந்தேன். இருபதாம் நம்பர் நூலுக்கு அம்மா எடுத்துவைத்திருந்தது மூன்று மில்லிமீட்டர் ஊசி. வழக்கமான அளவைப்போல் இரண்டு மடங்குக்குமேல். நூலுக்கேற்ற ஊசியில் போட்டால் விறைத்த மேஜைவிரிப்பு வரும். பெரிய ஊசியில் கண்ணிகள் தளர்ந்து, துணி விழுகிறது. இரண்டாவது பாடம் மொழிபெயர்ப்பு பற்றியது. யூட்யூபில் ஒரு அமெரிக்கப் பெண்மணி 'டபிள்' என்று சொல்லிப் போட்டதை அம்மா 'ட்ரெபிள்' என்றாள். நான் அம்மா தப்பென்று வாதித்தேன். கன்யாஸ்திரீகளிடம் அவள் கற்றது இங்கிலீஷ்காரர் வழக்கு. அங்கே 'ட்ரெபிள்' என்பது அமெரிக்காவில் 'டபிள்'. ஒரே முடிச்சுக்கு இரண்டு பெயர் மட்டுமல்ல, ஒரே பெயருக்கு இரண்டு முடிச்சு. பி.ஏ. ஆங்கிலத்தில் இதைவிட உருப்படியாக ஒன்றும் கற்றதாக ஞாபகமில்லை.

லேசில் ஓட்டை எப்படி வருகிறது என்று அதற்குமுன் நான் யோசித்ததில்லை. நூல் இல்லாத இடம் ஓட்டை, அவ்வளவுதானே? ஐந்து சங்கிலி போட்டுக் கீழ் வரிசையின் வளைவில் பொருத்தினால் ஒரு வளைவு. அடுத்த வரிசை அந்த வளைவின் நடுவில் மாட்டிக்கொள்கிறது. ஐந்துக்குப் பதில் நாலு போட்டால் அந்த இடம் மட்டும் சுருங்கி, இழுப்பு ஒரு பக்கமாகச் சாய்ந்து, நாலைந்து வரிசைக்கு மேலே போய்த் தெரியும். நெருக்கமாக நெய்த துணியில் பத்து இழை தவறினாலும் கண்ணுக்குப் படாது. இங்கே எல்லாம் வெளியே. எண்ணப்படாத ஓட்டை என்று ஒன்று அதில் இல்லை. அந்தக் கவிதைகளைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். என் அபிப்பிராயத்தில் மாற்றமில்லை, மோசமான கவிதைகள்தான். ஆனால் அவற்றின் கோளாறு, எங்கும் ஒரு இடைவெளிகூட விடாமல் உருவகத்தின்மேல் உருவகமாக அடைத்து வைத்தது. சொல்லாமல் விட்ட இடம் என்று ஒன்றுகூட இல்லை. அவை லேஸாக இருந்திருந்தால் தேவலை. நான் பிரயோகித்த சொல் கடுமையானது என்பதல்ல இப்போது என் வருத்தம், தகவல்பூர்வமாகவே தப்பு.

'வெறும்' என்ற சொல் அதைவிட மோசம். நான் இருப்பது நாகர்கோவிலில். 1820களில் இங்கே மிஷன் பள்ளியில் மார்த்தா மால்ட் என்ற பாதிரியார் மனைவி பெண்களுக்கு லேஸ் கற்றுக்கொடுத்தார். அது குரோஷா அல்ல. திண்டில் ஊசி குத்தி, கட்டைகளில் சுற்றிய நூலை மாற்றி மாற்றிப் போடுவது. திருவிதாங்கூரில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது 1855இல். அதற்குமுன், லேஸ் விற்ற காசில் தங்கள் விடுதலையை விலைகொடுத்து வாங்கிய பெண்கள் இந்த ஊரில் இருந்திருக்கிறார்கள். குரோஷாவின் கதையும் ஏறக்குறைய இத்தகையதே. அயர்லாந்தில் 1840களின் பஞ்சத்தில், கன்யாஸ்திரீ மடங்கள் பட்டினிக் குடும்பங்களுக்குக் கற்றுக்கொடுத்த பிழைப்பு அது. விலையுயர்ந்த வெனிஸ் லேசைப் பார்த்து விரைவாகச் செய்த நகல் என்பதால் அசல் லேஸ் ரசிகர்கள் அதை மட்டமாக நினைத்தார்கள். இந்த வகை ரசனையை எனக்கு நன்றாகத் தெரியும்.

கோதாவரிக் கரையில் நரசாபூர் இருக்கிறது. அங்கே குரோஷா போடும் பெண்களைப் பற்றி மரியா மீஸ் எழுதிய நூல் 1982இல் வந்தது. உலகச் சந்தைக்குச் சரக்கு செய்கிற இந்தப் பெண்கள் கணக்கில் இல்லத்தரசிகள். அவர்கள் செய்வது ஓய்வு நேரத்துப் பொழுதுபோக்கு. அதனால் கூலியும் ஓய்வு நேரத்துக்குரியது. வியாபாரம் மட்டும் ஆண்களுடையது. 2024இல் நரசாபூர் லேசுக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அசலான குரோஷாவைக் கடைச் சரக்காகப் போடும் இயந்திரம் இன்னும் வரவில்லை. இயந்திரத்திலிருந்து வருவது அதன் சாயல். ஆக, கடையில் தொங்குவது அசலானால் யாரோ கையால் போட்டது. குமாஸ்தா புத்தி, நானும் கணக்குப் போட்டேன்: நூல் ஒன்பது உருண்டை, நூற்றெண்பது கிராம், என் நேரம் ஏறத்தாழ நூற்றுப்பத்து மணி. எனக்கு வங்கி தருகிற சம்பள விகிதத்தில் பெருக்கினால், இதை என்னாலேயே வாங்க முடியாது.

முப்பத்துநாலாவது வரிசையில் ஒரு பக்கம் ஒரு வளைவு குறைந்தது. தேடிப்போனால் தவறு இருபத்தொன்றில். பின்னலில் ஊசி முழுக்கக் கண்ணிகள் இருக்கும், ஒன்றை மட்டும் நழுவவிட்டுக் கீழே போய்ச் சரிசெய்து வரலாம். குரோஷாவில் உயிரோடு இருப்பது எப்போதும் ஒரே கண்ணி. இருபத்தொன்றுக்குப் போக வேண்டுமானால் பதின்மூன்று வரிசையையும் பிரித்தாக வேண்டும். கழுத்தில் தொடங்கி விரிகிற முக்கோணம், மேலே போகப் போக வரிசை நீளம். மூன்று வார வேலை. வங்கியில் சாயங்காலம் கணக்கு இடித்தால் வித்தியாசத்தை சஸ்பென்ஸில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போவதுண்டு. அதையே செய்தேன்: ஒரே வளைவில் இரண்டைப் போட்டேன். எண்ணிக்கை சரியாகிவிட்டது.

வீட்டில் அம்மா அதைக் கையில் வாங்கி, கண்ணை மூடிக்கொண்டு விரல்களால் தடவிக்கொண்டே போனாள். அந்த இடத்தில் விரல் நின்றது. என் தங்கைக்குக் கற்றுக்கொடுத்த காலத்தில் ஒரு சிறு விரிப்பை மூன்று தடவை அழ அழப் பிரிக்க வைத்தவள் அவள். "பிரிச்சிரட்டாம்மா?" என்று கேட்டேன்.

"பிரிக்காண்டாம் மக்கா. முன்னால போ."

அவள் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அன்று இரவு வெகுநேரம் தூங்கவில்லை.

முடித்துக் கையில் எடுத்தபோது கசங்கிய வலைத்துண்டு மாதிரி இருந்தது. இதற்கா இவ்வளவு என்றிருந்தது. நனைத்துப் பிழிந்து, கட்டில் மெத்தையில் இழுத்துக் குண்டூசி குத்தி உலர்த்தினால்தான் லேஸ் திறக்கும் என்றாள். மேஜையிலிருந்த வங்கிக் குண்டூசிகளை எடுத்து வந்தேன். துருவேறும், கறை போகாது என்று ஒதுக்கிவிட்டாள். துருவேறாத ஊசி வாங்கி நூற்றுக்குமேல் குத்தினேன். காலையில் பார்த்தால் ஒவ்வொரு வளைவும் தனித்தனியே தெரிந்தது, இருபத்தொன்றாம் வரிசையும்.

நான் மனத்தில் ஒரு வாதம் வைத்திருந்தேன்: இந்த ஓட்டைகள் வழியே கையில் குத்திய இடம் தெரியும், ஆகவே சால்வை கைமேல் கிடந்தாலும் தடையில்லை. நர்ஸ் அந்தப் பெண் பார்த்தவுடன் இடது கைப்பக்கம் அதைத் தோள்வரை சுருட்டித் தள்ளிவிட்டாள். "கை மூடக்கூடாதும்மா, எதுவானாலும்." மற்ற பக்கத்தைக் கழுத்துவரை இழுத்துவிட்டு, எங்கே வாங்கியது என்று கேட்டாள்.

"எம் பிள்ள போட்டது" என்றாள் அம்மா. நர்ஸ் என்னைப் பார்த்தாள். நான் வெளிக்கூடத்துக்கு வந்து உட்கார்ந்தேன். கையில் ஊசியில்லாமல் இருந்தது. பையில் ஒன்றரை உருண்டை நூல் மீதி.