கணக்கு உதைக்கிறது

ராபின் வில்லியம்ஸ் என்றதும் நமக்கு ஞாபகம் வருவது 'மிஸஸ் டவுட்ஃபயர்'. நம் அவ்வை சண்முகிக்கு ஒன்றுவிட்ட அக்கா. அந்த மனுஷனைப் பிடித்து, தலைமுடியை வெளிறடித்து, சூப்பர் மார்க்கெட் போட்டோ கவுன்ட்டருக்குப் பின்னால் நிறுத்தினார் டைரக்டர் மார்க் ரோமனெக். 2002-ல் வந்த 'ஒன் ஹவர் போட்டோ'. சைக்கலாஜிக்கல் த்ரில்லர் என்றார்களே, நாலு கொலையாவது விழும் என்று டி.வி.டி. போட்டேன். ஒன்றுகூட விழவில்லை. ராத்திரி தூக்கம்தான் போச்சு.

கேரக்டர் பெயர் ஸை. ('சை' என்று எழுதினால் திட்டுகிற மாதிரி இருக்கிறது!) பிலிம் ரோலைக் கொடுத்தால் ஒரு மணி நேரத்தில் கழுவிப் பிரிண்ட் போட்டுத் தருகிற வேலை. செல்போன் கேமராவில் வளரும் பிள்ளைகளுக்கு இதை விளக்கித்தான் சொல்லணும். நம் கல்யாணம், குழந்தையின் பிறந்தநாள் எல்லாவற்றையும் நமக்கு முன்னால் ஒரு அந்நியர் பார்த்திருப்பார். கவரை வாங்கும்போது அவர் முகத்தை நாம் பார்த்திருக்க மாட்டோம்.

ஸை தொழிலில் சுத்தம். கலர் இம்மி பிசகினாலும் மெஷின் மெக்கானிக்கோடு சண்டைக்குப் போவார். யார்கின் குடும்பம் அவருடைய ரெகுலர் கஸ்டமர். அப்பா, அம்மா, ஜேக் என்று ஒரு பையன். அவர்கள் படங்களில் தனக்கும் ஒரு காப்பி போட்டுக்கொள்கிறார். வருஷக்கணக்காக. வீட்டுச் சுவர் முழுக்க அடுத்தவன் குடும்பம். ஒரு தடவை அந்த அம்மா தந்த ரோலில் ஒரு படம் மிச்சம். கேமராவைத் தன் பக்கம் திருப்பி க்ளிக் பண்ணிக்கொள்கிறார், பாருங்கள்... அந்தக் குடும்பத்தின் ரோலில் அவருக்கும் ஒரு ஃப்ரேம்.

எப்படி மாட்டுகிறார்? நான் பி.காம். என்பதால் இந்த இடம்தான் என்னை உலுக்கியது. மேனேஜர் கணக்குப் பார்க்கிறார். மெஷின் போட்ட பிரிண்ட் இத்தனை, காசு வந்த பிரிண்ட் இத்தனை. உதைக்கிறது. ஸ்டாக் குறைந்தால் திருட்டு, சேதம், எழுத விட்டுப்போனது என்று காலேஜில் காரணம் படித்திருக்கிறோம். இவருக்கு வீட்டில் யாருமில்லை என்று எழுத, பேரேட்டில் எந்தத் தலைப்பும் கிடையாது. வேலை போகிறது.

பத்திரிகைக்கு வந்த புதிதில், திருவல்லிக்கேணி மேன்ஷனில் ரெண்டு வருஷம் இருந்தேன். ராத்திரி பத்தரைக்கு மெஸ்ஸுக்குப் போனால் பரிமாறுகிறவர், 'என்ன சார், இன்னிக்கு லேட்டா?' என்பார். சில நாள், காலையிலிருந்து என்னைப் பற்றி யாரும் கேட்ட ஒரே கேள்வி அதுதான். பசிக்காத நாளும் போவேன். அதையே அவர் பக்கத்து மேஜையிலும் கேட்டது காதில் விழுந்த அன்று, ரசம் தொண்டையில் இறங்கவில்லை. அவர் தப்பா அது? வியாபார மரியாதை. ஸைக்கு யார்கின் வீட்டம்மா தருகிற சிரிப்பும் அதே சரக்குதான்.

அதற்காக ஸையைப் 'பாவம்' என்று விட்டுவிடவும் முடியாது. மேனேஜர் மேலுள்ள கோபத்தில், அவருடைய குட்டிப் பெண்ணை மறைந்து நின்று படமெடுக்கிறார். எனக்கும் பெண் இருக்கிறாள். அந்த இடத்தில் கை ரிமோட்டைத் தேடியது. தன் சுவரிலிருக்கும் குடும்பத்தலைவனுக்கு வேறொரு பெண்ணோடு தொடர்பு என்று தெரிந்ததும் இன்னும் மோசம். துரோகம் தனக்கே நடந்த மாதிரி கத்தியைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிறார். மீதியைச் சொன்னால் நீங்கள் என்னை விடமாட்டீர்கள்.

ஒரு குறை. கடைசியில், சின்ன வயசில் இவருக்கு என்ன ஆச்சு என்று டைரக்டர் கோனார் நோட்ஸ் போட்டிருக்க வேண்டாம். அந்தச் சுவரே போதும். இன்னொன்றும் இருக்கிறது. யார்கின் வீட்டுக்குள் ஆளில்லாதபோது நுழைந்துவிட்டதாக ஸை ஒரு கற்பனை பண்ணுகிறார். நகை, பீரோ எதையும் தொடவில்லை. பாத்ரூம் போகிறார். வந்து சோபாவில் சாய்ந்து, டி.வி. போட்டுக்கொள்கிறார்.